நட்டைத் திருகினால் போதுமா? நூல் சுற்றும்போது இழுவை எப்படிப் பிறக்கிறது

வெள்ளவத்தையில் ஒரு சின்னத் தையற்கடையோ, கட்டுநாயக்கவில் நூற்றுக்கணக்கில் மெஷின் ஓடும் ஆடைத் தொழிற்சாலையோ, நூல் அறுந்தால் முதலில் காதில் விழுவது ஒரே வசனம்தான்: "ரென்ஷன் கூடிப்போச்சு, கொஞ்சம் குறைச்சு விடுங்கோ." தையலில் சுருக்கம் விழுந்தாலும் அதே வசனம். நூல் சுற்றிய கோன் மெத்தென்று இருந்தால் மட்டும் "ரென்ஷன் காணாது, கூட்டுங்கோ" என்று மாறும். ஆக, எந்தக் குறைக்கும் கை போவது நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த ஒரு நட்டுக்குத்தான். அதைத் திருகியதும் சில வேளை குறை தீர்ந்துவிடுவதால், ரென்ஷன், அதாவது நூலின் இழுவை, அந்த நட்டுக்குள் இருக்கும் சாமான் என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

அது நட்டுக்குள் இல்லை. நூல் போகும் வழி முழுவதிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. நட்டு அதில் ஒரு பங்கை மட்டுமே தீர்மானிக்கிறது. மீதிப் பங்கு எங்கிருந்து வருகிறது, ஏன் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது என்பது விளங்கினால்தான் நட்டைத் தொடுவதா, வேறெதையாவது பார்ப்பதா என்று முடிவெடுக்கலாம்.

எந்தப் பொறியைப் பற்றிப் பேசுகிறோம்

நூல் சுற்றும் பொறி என்றதும் பெரிய ஆலை நினைவுக்கு வரலாம். வெள்ளவத்தைக்காரருக்கு இன்று ஹவ்லொக் சிட்டி நிற்கும் காணியில் முன்பு ஓடிய நூற்பு நெசவு மில் நினைவுக்கு வரும். ஆனால் மிகச் சின்னச் சுற்றும் பொறி பல வீடுகளிலேயே இருக்கிறது. தையல் மெஷினின் கைச்சில்லுக்குப் பக்கத்தில் பொபினுக்கு நூல் ஏற்றும் அந்தச் சிறு பகுதிதான் அது. நூல்கட்டையிலிருந்து நூல் வருகிறது, ஒரு சிறிய தட்டு இணைக்குள் நுழைந்து போகிறது, சுழலும் பொபினில் ஏறுகிறது.

ஆலையில் நடப்பதும் இதுதான், அளவு மட்டும் வேறு. நூற்கும் பொறியிலிருந்து வரும் சிறு பொபின்களில் உள்ள நூலைப் பெரிய கோனில் ஏற்றுவார்கள். வேகம் நிமிடத்துக்கு 1000 மீற்றரைத் தாண்டும். புறக்கோட்டை கெய்சர் வீதியில் நாம் வாங்கும் தையல் நூல் ஒவ்வொன்றும் கடைக்கு வருமுன் இப்படிப் பல முறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிச் சுற்றப்பட்டதுதான்.

இழுவை என்றால் என்ன

காலிமுகத்திடலில் பட்டம் விட்டவர்களுக்கு இது கைக்குத் தெரிந்த விஷயம். பட்டத்தைக் காற்று ஒரு பக்கம் இழுக்கிறது, கை மறுபக்கம் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நூல் விறைத்து நிற்கிறது. அந்த விறைப்பின் அளவுதான் இழுவை. பள்ளிக்கூடத்துப் பௌதிகவியலில் படித்த அதே இழுவைதான். ஒரு முனையில் எதிர்ப்பு இல்லாவிட்டால் இழுவை இல்லை. பட்டம் குத்துக்கரணம் அடித்து விழும்போது நூல் தொய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணத்தில் கை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நூல் விறைக்காது.

சுற்றும் பொறியில் கையின் இடத்தில் மோட்டர் இருக்கிறது. காற்றின் இடத்தில், நூல் வரும் வழியில் உள்ள தடைகள் இருக்கின்றன. மோட்டர் இழுக்கிறது, தடைகள் பிடித்து நிறுத்தப் பார்க்கின்றன.

இழுவையைக் கிராமில் சொல்வது வழக்கம். ஒரு நூலில் 20 கிராம் படியைத் தொங்கவிட்டால் அந்த நூலின் இழுவை 20 கிராம். தொழிற்சாலைக் கருவிகளில் சென்ரிநியூற்றன் என்ற அலகு இருக்கும். ஒரு கிராம் ஏறத்தாழ 0.98 சென்ரிநியூற்றன் என்பதால், இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டாலும் நடைமுறையில் பெரிய பிழை வராது.

எவ்வளவு இழுவை வேண்டும்? நூல் அறுவதற்குத் தேவையான விசையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதே என்பது ஆலைகளில் பழகிய விதி. பத்தில் ஒன்று மிகக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் நூல் எங்கும் ஒரே பலத்தில் இருப்பதில்லை. இடைக்கிடை மெலிந்த இடங்கள் உண்டு, அறுவது அங்கேதான். இழுவையும் ஒரே அளவில் நிற்பதில்லை, திடீர் திடீரென்று எகிறும். மெலிந்த இடமும் எகிறிய இழுவையும் ஒன்றாக வந்து சேரும் கணத்துக்காகத்தான் அவ்வளவு இடைவெளி விடுகிறார்கள்.

சுருக்கமாக: தடைக்கும் இழுப்புக்கும் நடுவில் பிறப்பது இழுவை. அது தேவை, ஆனால் கொஞ்சமாகத் தேவை.

தட்டை அடையுமுன்பே சேரும் இழுவை

பெரும்பாலானோர் கவனிக்காத பகுதி இதுதான். எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆலையில் கீழே நிற்கும் பொபின் சுழலாது. அதன் தலைப்பக்கமாக மேல்நோக்கி நூலை உருவி எடுப்பார்கள். அப்படி உருவும்போது நூல் பொபினைச் சுற்றிச் சுழன்று சுழன்று கழன்று வரும். வேகம் கூடும்போது அந்த நூல் காற்றில் வெளிப்பக்கம் வீசி, ஊதிய பலூன் போன்ற வடிவத்தைக் காட்டும். தொழிலில் இதற்குப் பெயரே பலூன்தான்.

ஒரு கணக்குப் போடலாம். நூல் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வருகிறது, அதாவது நிமிடத்துக்கு 1200 மீற்றர். பொபினில் ஒரு சுற்று நூலின் நீளம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பலூன் செக்கனுக்கு ஏறத்தாழ 180 தடவை சுழல்கிறது. இவ்வளவு வேகமாகச் சுழலும் நூலைக் காற்று தடுக்கிறது, சுழற்சி வெளியே தள்ளுகிறது. இரண்டும் இழுவையாக மாறுகின்றன. வேகத்தை இரட்டிப்பாக்கினால் இந்தப் பங்கு ஏறத்தாழ நான்கு மடங்காகும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டியதும் நூல் படபடவென்று அறுவதற்குக் காரணம் இதுதான். நட்டை யாரும் தொடவே இல்லை.

இன்னொன்று. பொபின் நிறைந்திருக்கும்போது நூல் மேலிருந்து கழல்கிறது. தீரத் தீர, கழலும் இடம் கீழே இறங்குகிறது. பலூன் நீள்கிறது. அதோடு, மேலே வெறுமையான குழாயில் நூல் உரசிக்கொண்டு வரத் தொடங்குகிறது. ஆகவே பொபின் முடிவை நெருங்கும்போது இழுவை தானாக ஏறும். கடைசி மூன்றில் ஒரு பகுதியில் இந்த ஏற்றம் நன்றாகத் தெரியும். காலையில் சரியாக வைத்த நட்டு அப்படியே இருக்க, ஒவ்வொரு பொபினின் கடைசியிலும் நூல் அறுந்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். நவீன பொறிகள் பொபின் முடியும் தறுவாயில் வேகத்தைத் தாமாகக் குறைப்பது இதற்காகவே.

மூன்றாவது பங்கு வழிகாட்டிகளில் சேர்கிறது. வழிகாட்டி என்பது நூலைத் திருப்பி அனுப்பும் வளையம் அல்லது கொக்கி. பெரும்பாலும் பீங்கானில் செய்திருப்பார்கள், ஏனென்றால் பொலியெஸ்டர் நூல் சாதாரண உலோகத்தையே காலப்போக்கில் அறுத்துப் பள்ளமாக்கிவிடும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு பிறகு நூலை அறுக்கும்.

கொழும்பின் ஈரக்காற்றுக்கும் இதில் கை உண்டு. பருத்தி ஈரத்தை உறிஞ்சும், பொலியெஸ்டர் அநேகமாக உறிஞ்சாது. பருத்தி நூலின் பலமும் உராய்வும் ஈரப்பதனோடு மாறுவதால், குளிரூட்டி ஓடும் அறையிலும் கதவு திறந்து கிடக்கும் அறையிலும் ஒரே நட்டு ஒரே இழுவையைத் தராது.

கூட்டும் தடை, பெருக்கும் தடை

இப்போது நட்டுக்கு வருவோம். இழுவையை வேண்டுமென்றே உண்டாக்கும் உறுப்புக்கு இழுவைத் தடை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அடிப்படையில் அது இரண்டு விதம். இரண்டும் நடந்துகொள்ளும் முறை முற்றிலும் வேறு.

முதலாவது தட்டுத் தடை. இரண்டு சின்ன வட்டத் தட்டுகள், நடுவில் நூல், மேலே ஸ்பிரிங் அல்லது சிறு பாரம். உங்கள் தையல் மெஷினில் நட்டைத் திருகும்போது இந்த ஸ்பிரிங்கைத்தான் அழுத்துகிறீர்கள். இது வரும் இழுவையோடு ஒரு குறிப்பிட்ட அளவைக் கூட்டும். தட்டின் மேல் 25 கிராம் பாரம் இருக்கிறது, உராய்வுக் குணகம் 0.2 என்று கொள்வோம். உராய்வுக் குணகம் என்பது அழுத்தும் விசையில் எவ்வளவு பங்கு உராய்வாக மாறுகிறது என்று சொல்லும் எண். நூல் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் உரசுவதால் 25 x 0.2 x 2, ஆக 10 கிராம் கூடும்.

இரண்டாவது வளைவுத் தடை. இங்கே அழுத்தும் தட்டு இல்லை. நூல் சில தூண்களைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. பட்டம் பலமாக இழுக்கும்போது நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிப்போமே, அதே வித்தைதான். இது கூட்டாது, பெருக்கும். அதே 0.2 குணகத்தில் தூணை அரைச் சுற்றுச் சுற்றினால் இழுவை ஏறத்தாழ 1.9 மடங்காகும். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்றரை மடங்கு. இரண்டு முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். இந்தக் கணக்கை 18 ஆம் நூற்றாண்டிலேயே ஒய்லர் என்ற கணிதமேதை எழுதி வைத்துவிட்டார். தூண் தடித்ததா மெல்லியதா என்பது இந்தக் கணக்கில் வராது, எவ்வளவு கோணம் சுற்றியது என்பதே வரும்.

கூட்டினால் என்ன, பெருக்கினால் என்ன என்று கேட்கலாம். பொபின் நிறைந்திருக்கையில் தடைக்கு வரும் இழுவை 5 கிராம், தீரும் வேளையில் 10 கிராம் என்று வைப்போம். 10 கிராம் கூட்டும் தட்டுத் தடையைத் தாண்டிய பிறகு அது 15 இலிருந்து 20 ஆகும். மூன்று மடங்காக்கும் வளைவுத் தடையைத் தாண்டிய பிறகு 15 இலிருந்து 30 ஆகும். தொடக்கத்தில் இரண்டு பொறியும் ஒரே 15 கிராமைத்தான் காட்டின. ஒன்றில் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, மற்றதில் இரட்டிப்பாகிவிட்டது.

என் அபிப்பிராயத்தில், இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால் வரும் குழப்பம்தான் அதிகம். உண்மையான பொறிகளில் இரண்டும் கலந்தே இருக்கும், ஏனென்றால் தட்டின் நடுத்தூணையும் நூல் கொஞ்சம் சுற்றித்தான் போகிறது. ஆனால் வழியில் தேவையில்லாத வளைவு ஒன்று கூடினாலும் முன்னால் உள்ள தளம்பல் முழுவதும் பெருகும் என்பதை நினைவில் வைத்தால் போதும். நூலை அவசரத்தில் பிழையான கொக்கியைச் சுற்றிக் கோர்ப்பவர்கள் செய்வது அதைத்தான்.

இதுவரை பார்த்தது: பொபின், பலூன், வழிகாட்டி, தடை என நான்கு இடங்களில் இழுவை சேர்கிறது. நட்டு நான்காவதை மட்டும் ஆளுகிறது. முதல் மூன்றும் மாறினால் நட்டு அசையாமலே இழுவை மாறும்.

நூல் ஏறும் பக்கத்தில் நடப்பது

வீட்டு மெஷினின் பொபின் ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றுகிறது என்று வைப்போம். வெறும் தண்டின் விட்டம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர், நிறைந்த பின் ஏறத்தாழ 20. ஒரு சுற்றில் ஏறும் நூலின் நீளம் இரண்டரை மடங்காகிறது, ஆகவே நூலின் வேகமும் அப்படியே. இதைத் தவிர்க்க ஆலைகளில் கோனின் நடுவைச் சுழற்றாமல், அதன் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு ஓடும் உருளையால் சுழற்றுவார்கள். கோன் எவ்வளவு பருத்தாலும் மேற்பரப்பின் வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கூம்பு வடிவம் என்பதால் அகன்ற முனைக்கும் குறுகிய முனைக்கும் வேக வித்தியாசம் எஞ்சும். நூல் இடமும் வலமும் ஓட ஓட, இழுவையும் அதற்கேற்பத் துடிக்கும்.

விட்டுக்கொடுக்கும் கை

நல்ல பட்டக்காரர் காற்று வீசும்போது நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. கையை முன்னே விட்டுக்கொடுப்பார், காற்று தணிந்ததும் பின்னே இழுப்பார். கை முன்னும் பின்னும் போகிறது, நூலின் விறைப்பு மாறாமல் நிற்கிறது.

பொறியில் இந்த வேலையைச் செய்வது ஆடும் கை. மெல்லிய தண்டு ஒன்றின் முனையில் ஒரு சிறு உருளை, அதன் கீழாக நூல் ஒருமுறை வளைந்து மேலே போகும். தண்டை ஸ்பிரிங் அல்லது பாரம் கீழே இழுக்கும். உருளையில் 40 கிராம் விசை கீழ்நோக்கி இருந்தால், அதைத் தாங்குவது இரண்டு பக்க நூலும் சேர்ந்துதான். எனவே ஒவ்வொரு பக்கத்திலும் இழுவை 20 கிராம். கை மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பாரம் மாறாதவரை இழுவை அதே 20தான்.

அப்படியானால் கை மேலும் கீழும் போவது எதைச் சொல்கிறது? வேகங்கள் பொருந்தவில்லை என்பதை. சுற்றும் பக்கம் வேகமாக இழுத்தால் கை மேலே ஏறும், நூல் அதிகமாக வந்தால் இறங்கும். கை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை ஓர் உணரி பார்த்து மோட்டருக்குச் சொல்லும். மோட்டர் வேகத்தைத் திருத்தும், கை நடுவுக்குத் திரும்பும். விளைவைப் பார்த்துத் திருத்தி, திரும்பவும் பார்க்கும் இந்தச் சுழற்சிக்குப் பின்னூட்டல் என்று பெயர். ஆடும் கை இல்லாமல், நூல் அழுத்தும் விசையை நேரடியாக அளக்கும் உணரியை வைத்து, தட்டின் அழுத்தத்தை மின்காந்தத்தால் கூட்டிக் குறைக்கும் பொறிகளும் உண்டு.

நட்டு இந்தச் சுழற்சிக்குள் இல்லை. அது விளைவைப் பார்ப்பதில்லை, வைத்த இடத்தில் நிற்கும்.

பின்னூட்டல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொறி விற்பவர்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பொபின் தீர்வது போன்ற மெதுவான மாற்றத்தை மோட்டர் திருத்தும். நூல் இடவலமாக ஓடும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வரும் வேகமான துடிப்பைத் திருத்த அதற்கு நேரம் போதாது. அதை உள்வாங்குவது கையின் மென்மையும் ஸ்பிரிங்கும்தான். கை பாரமாக இருந்தால், அதன் அச்சில் தூசி அடைத்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மின்னணுக் கட்டுப்பாடும் உதவாது.

கோனுக்குள் அடைபட்ட இழுவை

சுற்றும்போது நூலில் இருந்த இழுவை, சுற்றி முடிந்ததும் மறைந்துவிடாது. ஒவ்வொரு சுற்றும் கீழே உள்ள சுற்றுகளை அழுத்திக்கொண்டே இருக்கும். வெளிச்சுற்றுகள் உள்ளே இருப்பவற்றைவிட இறுக்கமாக இருந்தால் உட்சுற்றுகள் நசுங்கி, கோனின் பக்கங்கள் பிதுங்கும். இதனால் சில பொறிகளில் கோன் பருக்கப் பருக்க இழுவையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு போவார்கள்.

சாயத்துக்குப் போகும் நூலில் இதன் விளைவு கண்ணுக்கே தெரியும். துளையிட்ட குழாயில் சுற்றிய நூலுக்கூடாகச் சாயநீரை அழுத்தி அனுப்புவார்கள். இறுக்கமான இடத்தில் நீர் குறைவாகப் போகும், தளர்ந்த இடத்தில் இலகுவாக ஓடிவிடும். ஒரே கோனில் உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம் என்று வரும்.

தையற்காரருக்கு இன்னும் கிட்டிய உதாரணம் பொபின். பொலியெஸ்டர் நூலை அதிக இழுவையில், அதிக வேகத்தில் பொபினில் ஏற்றினால் நூல் நீண்ட நிலையிலேயே சுற்றப்படும். தைத்த பிறகு அது மெல்லச் சுருங்கித் தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். மெல்லிய துணியில் தையல் ஓரம் முழுக்கச் சுருக்கம் விழும். அப்போது எல்லாரும் மேல்நூலின் நட்டைத் திருகுவார்கள். குறை பொபின் ஏற்றிய இடத்தில் இருக்கும்.

இழுவை குறைந்தாலும் நூல் அறும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தொளதொளவென்று சுற்றிய கோனிலிருந்து பிறகு நூலை உருவும்போது நாலைந்து சுற்றுகள் ஒன்றாகச் சரிந்து வந்து சிக்காகும். சிக்கு வழிகாட்டியில் மாட்டி நூல் அறும். பார்ப்பவருக்கு அது ரென்ஷன் கூடியது போலத்தான் தெரியும்.

அளந்து பார்ப்பது

கோனைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் கெட்டதல்ல, ஆனால் வெளிச்சுற்றைத் தவிர வேறெதையும் அது சொல்லாது. தராசும் அளவுகோலும் இன்னும் கொஞ்சம் சொல்லும். நேர் உருளை வடிவில் சுற்றிய நூலின் வெளிவிட்டம் 16 சென்ரிமீற்றர், குழாயின் விட்டம் 5, உயரம் 15 என்றால் நூல் நிற்கும் இடத்தின் கனவளவு ஏறத்தாழ 2720 கன சென்ரிமீற்றர். குழாயின் நிறையைக் கழித்து நூல் 1050 கிராம் இருந்தால், அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.39 கிராம். சாயமிடும் பருத்தி நூலுக்கு 0.35 முதல் 0.4 வரை நல்ல அளவு. வேறு வேறு பொறியில் சுற்றியவற்றை இப்படி ஒப்பிட்டால் எது மற்றவற்றிலிருந்து விலகிப் போகிறது என்று தெரிந்துவிடும்.

ஓடும்போதே அளக்க, மூன்று உருளைகள் கொண்ட கைக்கருவி இருக்கிறது. இரண்டு உருளைகள் நூலைத் தாங்கும், நடு உருளையை நூல் எவ்வளவு தள்ளுகிறது என்பதைக் கருவி கிராமில் காட்டும். விற்றராசில் நூலைக் கட்டி மெதுவாக இழுத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது, ஏனென்றால் அங்கே பலூனும் இல்லை வேகமும் இல்லை. கைக்கருவி காட்டுவதும் சராசரிதான், கணநேர எகிறல் அதில் தெரியாது.

அளக்கும்போது பொபின் நிறைந்திருக்கையில் ஒன்று, பாதியில் ஒன்று, தீரும் தறுவாயில் ஒன்று என்று மூன்று அளவு எடுங்கள். மூன்றும் கிட்டக்கிட்ட இருந்து, எல்லாமே தேவைக்கு மேல் இருந்தால் நட்டைத் தளர்த்தலாம். முதலிரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் ஏறியிருந்தால் கடைசிப் பகுதியில் வேகத்தைக் குறையுங்கள். நட்டைக் குறைத்தால் மூன்றாவது அளவு சரியாகும், ஆனால் முதல் பாதி தளர்ந்துவிடும். ஒரே நிலையில் எடுத்த அளவுகளே தாறுமாறாகக் குதித்தால், தட்டுகளுக்கு நடுவில் ஒட்டிய மெழுகையும் பஞ்சுத் தூசியையும் துடைத்துவிட்டு, வழிகாட்டிகளில் நகத்தை ஓட்டிப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பீங்கான் வளையம் ஒன்றை மாற்ற ஆகும் செலவு, ஒரு நாள் முழுக்க அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கும் செலவைவிட எவ்வளவோ குறைவு.